கல் மிதந்த கதையைக் குழந்தைக்குச் சொல்லும்போது

 

நம்மில் பலருக்கு இப்போது ஒரு புதுப் பொறுப்பு வந்திருக்கிறது. வீட்டில் அம்மா அப்பா இருவருக்கும் ஷிஃப்ட் வேலை. பாட்டிக்குக் கண் பார்வை மங்கிவிட்டது. வார இறுதியில் ஹாஸ்டலிலிருந்து வீட்டுக்கு வரும் அண்ணன், அக்கா, மாமா, சித்திதான் சின்னப் பிள்ளைகளுக்குத் தேவாரம் சொல்லிக்கொடுக்க வேண்டியிருக்கிறது. ராகம் சொல்லிக்கொடுப்பது அவ்வளவு சிரமமில்லை, யூடியூப்பில் ஓதுவார்கள் பாடியது இருக்கிறது. பொருள் சொல்லும்போதுதான் நாம் மாட்டிக்கொள்கிறோம். பிள்ளைகள் கேட்கும் கேள்வி அப்படி.

அப்படி ஒரு கேள்வியைப் பற்றித்தான் இன்று சிந்திக்கப் போகிறோம். அதற்கு முன்னால் கதையை ஒருமுறை நினைவுபடுத்திக்கொள்வோம்.

கடலில் போடப்பட்டவர்

திருநாவுக்கரசர் ஏழாம் நூற்றாண்டில் வாழ்ந்தவர். அப்பர் என்று அன்போடு சொல்கிறோம். பிறந்த ஊர் திருவாமூர். பெற்றோர் வைத்த பெயர் மருள்நீக்கியார். இளமையில் சமண சமயத்தில் சேர்ந்து, தருமசேனர் என்ற பெயரோடு அங்கே பெரிய நிலையில் இருந்தார். பிறகு சூலை நோயால் துடித்து, திருவதிகைக்குத் தம் அக்காவிடம் வந்து, சிவநெறிக்குத் திரும்பினார். பல்லவ மன்னனுக்குக் கோபம். அப்பரை நீற்றறையில் ஏழு நாள் அடைத்தார்கள். நஞ்சு கலந்த பால்சோறு கொடுத்தார்கள். யானையை ஏவினார்கள். எதிலும் அவருக்கு ஒன்றும் ஆகவில்லை. கடைசியில் கல்லோடு சேர்த்துக் கட்டிக் கடலில் தள்ளினார்கள். அவர் ஐந்தெழுத்தைப் பாடினார். கல் தெப்பமாக மிதந்து, அவரைத் திருப்பாதிரிப்புலியூர்க் கரையில் கொண்டுவந்து சேர்த்தது. அந்த ஊர் இன்றைய கடலூரில் இருக்கிறது.

இதைப் பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் பெரியபுராணத்தில் விரிவாகப் பாடினார். கடலில் அப்பர் பாடிய நமச்சிவாயப் பதிகம் நான்காம் திருமுறையில் 11ஆவது பதிகமாக இருக்கிறது. திருமுறை ஓதும் விழாவுக்குப் போய் வந்த பிள்ளைகள் பலருக்கும் அது மனப்பாடம்.

இரண்டு கேள்விகள்

என் அக்கா மகள் தமிழ்ப்பள்ளியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறாள். எங்கள் வீடு புக்கிட் ரோத்தான் பக்கம். முன்பு தோட்டத்து லயத்தில் இருந்தோம், இப்போது தாமானுக்கு வந்துவிட்டோம். வெள்ளிக்கிழமை விளக்கேற்றிய பிறகு நானும் அவளும் அரை மணி நேரம் உட்கார்ந்து படிப்போம். ஒரு பாட்டு, அதன் பொருள், அதற்குரிய கதை. அவ்வளவுதான்.

அப்பர் கதையை முடித்ததும் அவள் முதலில் கேட்டாள்: "மாமா, கல்லு எப்படி மிதக்கும்?"

நான் எஞ்சினியரிங் படிக்கிறவன். கருங்கல்லின் அடர்த்தி தண்ணீரைப் போல ஏறக்குறைய 2.7 மடங்கு. அதைத் தண்ணீரில் போட்டால், அது விலக்குகிற தண்ணீரின் எடை அளவுக்குத்தான் மேல்நோக்கித் தள்ளும் விசை கிடைக்கும். கல்லின் எடையில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று மேல், அவ்வளவுதான். ஆகவே மூழ்கும். அவளுக்கு அதை வாளித் தண்ணீரில் போட்டே காட்டினேன். "கல்லு மிதக்காதும்மா. மிதக்காது என்பதால்தான் இதைப் புராணமாகச் சொல்றாங்க. மிதக்கிற பொருளா இருந்தா கதையே இல்லையே" என்றேன். தலையாட்டினாள்.

நண்பர்களே, இந்த இடத்தில் ஒரு வார்த்தை. அந்தக் கல் ஏதோ ஓட்டை விழுந்த எரிமலைக் கல்லாக இருக்கலாம், நம் முன்னோருக்கு அறிவியல் தெரியும் என்றெல்லாம் வாட்ஸ்அப்பில் வருகிறது. தயவுசெய்து பிள்ளைகளிடம் அதைச் சொல்லாதீர்கள். அப்படிச் சொன்னால் அறிவியலும் தப்பாகிறது, கதையும் கெட்டுப்போகிறது. அருள் என்று சேக்கிழார் சொன்னதை நாம் அருள் என்றே சொல்வோம்.

இரண்டாவது கேள்வி சற்று நேரம் கழித்து வந்தது. புத்தகத்தை மூடிவிட்டுக் கேட்டாள்: "தாத்தாவும்தானே தினமும் நமச்சிவாய சொன்னாரு? அவரை மட்டும் ஏன் சாமி காப்பாத்தல?"

அவள் தாத்தா என்றால் என் அப்பா. முதலில் பால்மரம், பிறகு செம்பனை என்று முப்பது வருஷத்துக்கு மேல் தோட்டத்தில் வேலை செய்தவர். நீண்ட கழியில் கட்டிய அரிவாளை அண்ணாந்து பிடித்துக் குலை வெட்டி வெட்டி, கழுத்து எப்போதும் வலிக்கும் என்பார். இனிப்பு நீர் சிறுநீரகத்தைத் தின்றுவிட்டது. வாரம் மூன்று நாள், ஒவ்வொரு முறையும் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். போன வருஷம் காலமானார். மாரியம்மன் கோயில் திருவிழாவில் ஒரு வருஷம்கூட அவர் வேலை செய்யாமல் இருந்ததில்லை. ஆகவே குழந்தையின் கேள்வி நியாயமான கேள்வி. எனக்கும் அது புதிய கேள்வி அல்ல.

சொல்லக் கூடாத மூன்று பதில்கள்

நம் வீடுகளில் இந்தக் கேள்விக்கு வழக்கமாக மூன்று பதில்கள் சொல்வார்கள்.

ஒன்று, "எல்லாம் கர்மா". சித்தாந்தத்தில் வினைக் கொள்கைக்கு ஆழமான இடம் இருக்கிறது. ஆனால் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு அது எப்படிக் கேட்கும்? தாத்தா ஏதோ தப்பு செய்தார், அதனால் தண்டனை என்றுதான் கேட்கும். தாத்தாவை இழந்த பிள்ளையிடம் அவருடைய நல்ல பெயரையும் பறித்துவிடுகிறோம்.

இரண்டு, "சாமிக்குப் பிடிச்சவங்களைச் சீக்கிரம் கூட்டிக்கும்". ஆறுதலாகத்தான் சொல்கிறோம். ஆனால் அடுத்த நாள் அந்தப் பிள்ளை, சாமிக்கு நம்மைப் பிடித்துவிடக் கூடாதே என்று பயப்படும். நல்ல பிள்ளையாக இருக்கவே பயப்படும்.

மூன்று, "நம்பிக்கை பத்தல". இதுதான் மிகவும் கொடுமையானது. அப்பருக்கு நம்பிக்கை நூறு சதவீதம், உன் தாத்தாவுக்கு எண்பது, அதனால் ஃபெயில் என்று சொல்வது போல இருக்கிறது. கடவுளை மார்க் போடும் லெக்சரராக்கிவிடுகிறோம்.

மூன்று பதிலுக்கும் அடியில் ஒரே எண்ணம்தான் இருக்கிறது. நாம் நம்பிக்கை வைத்தால் சாமி கேட்டதைக் கொடுத்தாக வேண்டும் என்கிற எண்ணம். மாதச் சந்தா கட்டினால் கிளெய்ம் கிடைக்கும் என்பது போல. கிளெய்ம் வரவில்லை என்றால் எங்கே தவறு நடந்தது என்று தேடுகிறோம். திருமுறை அப்படிப் பேசுகிறதா?

பக்கங்களைப் பின்னால் திருப்பினால்

அன்று நான் பதில் சொல்லவில்லை. புத்தகத்தைத் திரும்பத் திறந்து, கடலுக்கு முன்னால் உள்ள பக்கங்களுக்குப் போனோம். அப்பர் கதை கடலில் தொடங்கவில்லை. அவருடைய அக்கா திலகவதியாரோடு தொடங்குகிறது.

தந்தை புகழனார், தாய் மாதினியார். திலகவதியாருக்குக் கலிப்பகையார் என்ற வீரரை மணம் பேசியிருந்தார்கள். கலிப்பகையார் அரசன் பணியாகப் போருக்குப் போயிருந்த காலத்தில், புகழனார் நோயால் இறந்தார். மாதினியார் கணவரைப் பிரிந்து வாழ மாட்டாமல் உயிர் விட்டார். பிறகு போர்க்களத்திலிருந்து செய்தி வந்தது. கலிப்பகையாரும் இறந்துவிட்டார்.

பாருங்கள். கல் மிதந்த அதே கதையில், அதே குடும்பத்தில், முதலில் மூன்று சாவு. மூன்று பேரும் நல்லவர்கள், பக்தி உள்ள குடும்பம். யாருக்கும் எந்தக் கல்லும் மிதக்கவில்லை. சேக்கிழார் இதை மறைக்கவில்லை. கதை அழகாக இருக்க வேண்டும் என்று இந்தப் பக்கங்களை விட்டுவிடவும் இல்லை.

திலகவதியாரும் உயிரை விடத்தான் துணிந்தார். தம்பி மருள்நீக்கியார் சின்னப் பையன். "அக்கா, நீங்களும் போனால் நான் உங்களுக்கு முன்னாலேயே போய்விடுவேன்" என்ற பொருளில் அவன் அழுதான். அவனுக்காக அவர் வாழ்ந்தார். பிற்பாடு அந்தத் தம்பி வேறு சமயத்துக்குப் போய்விட்டபோது, திருவதிகைக் கோயிலில் தங்கி, தினமும் வாசல் கூட்டி, மெழுகி, பூமாலை கட்டிக்கொண்டு, தம்பிக்காக வேண்டிக்கொண்டே இருந்தார்.

என் மருமகள் கேட்டாள்: "அந்த அக்கா சாமிகிட்ட கோவிச்சுக்கலையா மாமா?"

"கோபம் வந்துச்சான்னு புத்தகத்துல இல்லம்மா. ஆனா சாகணும்னு தோணுற அளவுக்கு வலிச்சதுன்னு இருக்கு. அதுக்கப்புறமும் சாமி பக்கத்துலயே இருந்தாங்க" என்றேன்.

"பாட்டி மாதிரியா?"

"ஆமா. பாட்டி மாதிரி."

துணைக்கு வா

இப்போது கடலுக்குத் திரும்புவோம். நமச்சிவாயப் பதிகத்தை மெதுவாகப் பொருளோடு படித்துப் பாருங்கள். கல்லை மிதக்க வை என்று அப்பர் கேட்கவில்லை. கயிற்றை அவிழ்த்துவிடு என்றும் கேட்கவில்லை. இந்த நிலையில் தமக்கு நல்ல துணை எது என்று சொல்கிறார். துணை. அந்த ஒரு சொல்லில்தான் இந்தக் கேள்விக்கு வழி இருக்கிறது.

துணை என்றால் என்ன என்று அகராதியைப் பார்க்க வேண்டாம். தோட்டத்து லயத்தில் வளர்ந்தவர்களைக் கேளுங்கள். கழிவறை வீட்டுக்குப் பின்னால் தனியாக இருக்கும். ராத்திரியில் போக வேண்டும் என்றால், சுற்றிலும் செம்பனைக் காடு, இருட்டு, தவளைச் சத்தம். சின்னப் பிள்ளை அம்மாவை எழுப்பும்: "அம்மா, துணைக்கு வா."

அம்மா வந்து என்ன செய்வார்? இருட்டை விரட்டுவதில்லை. காட்டை வெட்டிப்போடுவதில்லை. வெளியே நின்றுகொண்டு, "இங்கதான் இருக்கேன்" என்று அவ்வப்போது குரல் கொடுப்பார். இருட்டு அப்படியேதான் இருக்கும். ஆனால் பிள்ளைக்குப் பயம் போய்விடும். திரும்பி வரும்போது அதே பிள்ளை பாட்டுப் பாடிக்கொண்டு வரும்.

திருமுறை சொல்லும் நம்பிக்கை இந்த வகை என்று நான் நினைக்கிறேன். கல் மிதந்தது பிறகு நடந்தது. மிதக்கும் என்று தெரிவதற்கு முன்னாலேயே, கல்லோடு கட்டப்பட்டிருந்த அந்த நேரத்திலேயே அப்பருக்குத் துணை இருந்தது. பாட்டு வந்ததும் அந்த நேரத்தில்தான்.

அப்பா டயாலிசிஸ் நாற்காலியில் இருக்கும்போது பலமுறை நான் கூடப் போயிருக்கிறேன். கட்டைவிரலால் மற்ற விரல்களின் கணுவை எண்ணிக்கொண்டே ஐந்தெழுத்தைச் சொல்வார். "என்னப்பா வேண்டிக்கிறீங்க?" என்று ஒருமுறை கேட்டேன். "ஒண்ணும் வேண்டிக்கல. சும்மா பேசிக்கிட்டு இருக்கேன்" என்றார். அப்போது எனக்கு அது பெரிதாகத் தெரியவில்லை. வெளியே பெஞ்சில் அம்மா ஃபிளாஸ்க்கோடு உட்கார்ந்திருப்பார். அம்மாவால் அப்பாவின் சிறுநீரகத்தைச் சரிசெய்ய முடியாது. ஆனாலும் அம்மா வராத நாளில் அப்பா சோர்ந்து போவார். அதுதான் துணை.

மருமகளிடம் இதைத்தான் சொன்னேன். "தாத்தா சாகாம இருக்கணும்னு நாம எல்லாரும் கேட்டோம். அது நடக்கல. ஏன்னு எனக்குத் தெரியாது. ஆனா தாத்தா தனியா இல்ல. அதை நான் பார்த்தேன்." அவள் அழுதாள். அழட்டும் என்று விட்டேன். அழுகையும் நம்பிக்கைக்கு எதிரி இல்லை. தேவாரம் பாடியவர்களே அழுது பாடியவர்கள்தான்.

இந்த மண்ணில் விளக்கேற்றியவர்கள்

இது நம் பகுதிக்குப் புதிய பாடம் இல்லை. மலாயாவில் வணிக முறையில் முதன்முதலாகச் செம்பனை பயிரிட்ட தோட்டம் நம்ம கோல சிலாங்கூர் மாவட்டத்துத் தென்னமரம் தோட்டம். ஆண்டு 1917. பிரெஞ்சுக்காரர் ஹென்றி ஃபோகோனியே தொடங்கினார் என்று வரலாறு எழுதியிருக்கிறது. தோட்டத்தின் பெயரே தமிழாக இருப்பதைப் பார்த்தால், கன்று நட்ட கைகள் யாருடையவை என்று தனியாகச் சொல்ல வேண்டாம். அந்தக் கைகள்தான் லயத்துக்குப் பக்கத்தில் ஒரு கல்லை நட்டு, மஞ்சள் பூசி, மாரியம்மன் என்று கும்பிட்டன. பத்தாங் பெர்ஜுந்தை, ஈஜோக், தஞ்சோங் காராங், அப்பால் உலு சிலாங்கூர் வரை தோட்டந்தோறும் கோயில் வந்தது.

1942, 1943ஆம் ஆண்டுகளில் ஜப்பானியர் சயாம் மரண ரயில் பாதை போட மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழர்களை ஏற்றிக்கொண்டு போனார்கள். 415 கிலோமீட்டர் பாதை. காலராவும் மலேரியாவும் பசியும் தின்றதுபோக மிஞ்சியவர்கள்தான் திரும்பினார்கள். போன ஆண்களும் கும்பிட்டவர்கள்தான். அவர்களுக்காக இங்கே வேண்டிக்கொண்ட பெண்களும் கும்பிட்டவர்கள்தான். அவர்களுக்கு நம்பிக்கை பற்றவில்லை என்று சொல்ல யாருக்காவது வாய் வருமா?

போர் முடிந்த பிறகும் தோட்டத்துக் கோயில்களில் விளக்கு எரிந்தது. கணவன் வரவில்லை என்று தெரிந்த பெண்களும் விடியற்காலையில் பெரட்டுக்குப் போனார்கள், பிள்ளையை ஆயாக்கொட்டகையில் விட்டார்கள், பால்மரம் சீவினார்கள், வெள்ளிக்கிழமை எண்ணெய் வாங்கிக் கோயிலுக்குப் போனார்கள். கிளெய்ம் கிடைக்கவில்லை என்று அவர்கள் விட்டுவிட்டிருந்தால், நமக்கு இன்று கோயிலும் இல்லை, திருமுறை வகுப்பும் இல்லை. அவர்களுக்கும் திலகவதியாருக்கும் எனக்கு வித்தியாசம் தெரியவில்லை.

சும்மா இருப்பது நம்பிக்கை இல்லை

இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிட வேண்டும். சாமி துணை இருக்கிறார் என்றால் நாம் கையைக் கட்டிக்கொண்டு உட்காரலாம் என்று அர்த்தமில்லை. அப்பர் கையில் எப்போதும் உழவாரப்படை இருந்தது. ஊர் ஊராகப் போய்க் கோயில் பிராகாரத்தில் புல் செதுக்கினார். நம்ம தாத்தாமார் பிடித்த மண்வெட்டிக்கும் அதற்கும் பெரிய தூரமில்லை.

திருவீழிமிழலையில் பஞ்சம் வந்தபோது நடந்ததைப் பிள்ளைகளுக்குச் சொல்லிப் பாருங்கள், மிகவும் ரசிப்பார்கள். அப்பருக்கும் சம்பந்தருக்கும் இறைவன் தினம் ஒரு பொற்காசு கொடுத்தார். அவர்கள் அதைக் கொண்டு அடியார்களுக்குச் சோறு போட்டார்கள். சம்பந்தர் காசை மாற்றும்போது கடைக்காரர் வட்டம் பிடித்துக்கொண்டார். அப்பர் காசுக்கு அது இல்லை, நல்ல காசு. காரணம், அப்பர் கைத்தொண்டு செய்பவர் என்று சேக்கிழார் சொல்கிறார். பஞ்சம் தீரும்வரை இருவரும் வாசலில் காத்திருக்கவில்லை, அடுப்பு மூட்டினார்கள்.

ஆகவே டாக்டரிடம் போவதும் மருந்து சாப்பிடுவதும் நம்பிக்கைக் குறைவு இல்லை. வீட்டில் நாற்பது தாண்டியவர்களுக்கு இனிப்பு நீரும் இரத்த அழுத்தமும் பார்த்துவிட்டீர்களா? பார்க்காவிட்டால் இந்த வாரமே கிளினிக்குக்கு அழைத்துப்போங்கள். துணைக்குப் போங்கள்.

பிள்ளைகளோடு படிப்பவர்களுக்கு

நான் செய்து பார்த்ததில் உதவியவற்றை மட்டும் சொல்கிறேன்.

கொஞ்சமாகப் படியுங்கள். ஒரு நாளைக்கு ஒரு பாட்டு போதும். போட்டிக்கு மனப்பாடம் செய்யும் பிள்ளைக்கும் பொருள் சொல்லாமல் விடாதீர்கள்.

அற்புதம் நடந்த பக்கத்தை மட்டும் படிக்காதீர்கள். அதற்கு முன்னால் இருக்கும் துன்பத்தையும் வயதுக்குத் தகுந்தபடி சொல்லுங்கள். நடக்காமல் போனதையும் சொல்லுங்கள். அப்பர் கயிலைக்குப் போக வேண்டும் என்று நடந்து, தவழ்ந்து, புரண்டு, உடம்பு தேய்ந்தார். கயிலை மலைக்கு அவர் போய்ச் சேரவில்லை. ஒரு குளத்தில் மூழ்கி எழச் சொன்னார் இறைவன். எழுந்த இடம் திருவையாறு. அங்கேயே கயிலைக் காட்சி கிடைத்தது. கேட்டது ஓரிடம், கிடைத்தது வேறிடம்.

சாமி கண்ணைக் குத்தும் என்று மிரட்டாதீர்கள். துணைக்கு வருபவரிடம் யாரும் பயப்பட மாட்டார்கள். அதே மாதிரி, தேங்காய் உடைத்தால் பரீட்சையில் ஏ கிடைக்கும் என்று பேரம் பேசவும் பழக்காதீர்கள். எஸ்பிஎம் எழுதும்போது ஒரு பாடத்தில் சறுக்கினால் சாமியையே விட்டுவிடுவார்கள்.

தெரியாததைத் தெரியாது என்று சொல்லுங்கள். பிள்ளைகள் அதைத் தாங்கிக்கொள்வார்கள். பொய்யான பதிலைத்தான் பத்து வருஷம் கழித்துக் கண்டுபிடித்து, அதோடு சேர்த்து எல்லாவற்றையும் தூக்கி எறிவார்கள்.

படித்து முடித்ததும் கையால் ஏதாவது செய்யுங்கள். கோயில் வாசலைக் கூட்டுவது, விளக்குத் துடைப்பது, பக்கத்து வீட்டுப் பாட்டிக்குக் கடையில் சாமான் வாங்கிக் கொடுப்பது. காதால் கேட்டது கைக்கு வந்தால்தான் மனதில் நிற்கும்.

நண்பர்களே, நமக்கும் ஒருநாள் கடல் வரும். சிலருக்கு வந்துவிட்டது. இன்டர்ன்ஷிப் கிடைக்காதது முதல் ஐசியூ வாசல் வரை அதன் ஆழம் ஆளுக்கு ஆள் மாறும். அன்று கல் மிதக்கலாம், மிதக்காமலும் போகலாம். அப்பரும் கரை தெரிந்த பிறகு பாடவில்லை. வெளியே இருட்டில் நிற்கும் அம்மாவின் குரல் காதில் விழ வேண்டும் என்றால் நாமும் இந்தப் பக்கத்திலிருந்து கூப்பிட்டுப் பழகியிருக்க வேண்டும். ஐந்தெழுத்து அதற்குத்தான். வருகிற வெள்ளிக்கிழமை வீட்டில் இருக்கும் சின்னப் பிள்ளையை அழைத்து உட்காருங்கள். ஒரு பாட்டு, அதன் பொருள், அதன் கதை. கேள்வி கேட்டால் சந்தோஷப்படுங்கள்.

எல்லாருக்கும் இறைவன் நல்ல துணையாக இருப்பாராக.

திருச்சிற்றம்பலம்.